கோணல் சுவருக்கு யார் பொறுப்பு?

வீட்டுப் பராமரிப்பு பற்றிய இவ்வாரக் கருத்துக்களத்தில் கூரை ஒழுகல், குளியலறைத் தரை, வாசல் கதவு என்று பல விஷயங்கள் பேசப்பட்டாலும், அதிக நேரத்தை எடுத்துக் கொண்டது ஒரே ஒரு கேள்விதான். பாகான் டத்தோவிலிருந்து தொலைபேசியில் வந்த நேயர் ஒருவர் கேட்டது அது. வீட்டுக்கு முன்னால் உள்ள பூந்தோட்டத்தைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார். பாதிப் பணம் கொடுத்தாகிவிட்டது. சுவர் கோணலாகத் தெரிகிறது, ஓரிடத்தில் விரிசலும் விட்டிருக்கிறது. கட்டிய கொத்தனாரோ அதே ஊர்க்காரர், உறவு முறையும் உண்டு. மீதிக் காசைக் கொடுப்பதா, நிறுத்தி வைப்பதா?

காசு மட்டும் பிரச்சினையாக இருந்தால் பதில் சொல்வது எளிது. கொடுத்தால் ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணம் இருக்கும். நிறுத்தினால் நாளைக்குக் கோயிலில், கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடியாது. அந்தக் கொத்தனாருக்கும் அது வாரக்கூலி. அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் “கொடுக்காதே” என்றார்கள், மறு பாதி “பெரிய மனசு பண்ணிக் கொடுத்துவிடு” என்றார்கள். சுவரை அளந்து பார்த்தீர்களா என்று முதலில் கேட்டவர், பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர்தான். ஒலிவாங்கி பிடிக்கும் எனக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள விஷயங்களைத் தேடித் தொகுத்ததில், எந்த வீட்டுக்காரரும் தானே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் பல இருப்பது தெரிந்தது. நேரம் போதாமல் களத்தில் விட்டுப் போனவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நம்மவர்களுக்கு மதில் சுவர் என்பது வெறும் கல்லும் சிமெண்டும் அல்ல. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தலைமுறைக்குச் சொந்த மதில் என்று ஒன்று இருந்ததில்லை. செம்பருத்தி வேலி, மிஞ்சினால் முள்கம்பி. தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமானிலோ சொந்த நிலத்திலோ ஒரு வீடு வாங்கிய பிறகு, குடும்பம் தன் காசில் முதன்முதலாகக் கட்டுவது பெரும்பாலும் இந்த முன்சுவரைத்தான். ஆகவே அது கோணினால் மனமும் கோணிப் போகிறது!

முதலில் மண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2017-இல் பேராக்கின் 12-ஆவது மாவட்டமான பாகான் டத்தோ, பேராக் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது. தென்னைக்குப் பெயர் போன ஊர். அந்தத் தென்னையை வளர்க்கும் வண்டல் களிமண், சுவருக்கு அவ்வளவு நல்லதல்ல. ஈரத்தில் குழையும், வறட்சியில் சுருங்கும், மேலே பாரம் ஏற்றினால் மெல்ல மெல்ல அமுங்கும். கடலோரக் களிமண்ணில் ஓர் இடம் அமுங்குவது போல இன்னோர் இடம் அமுங்குவதில்லை என்பதுதான் தொல்லை.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் தொலைதூரம் போக வேண்டாம். பக்கத்துத் தெலுக் இந்தானில், 1885-இல் லியோங் சூன் சோங் என்பவர் கட்டிய சாய்ந்த கோபுரம் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு அடுக்கு, உள்ளே போனால் மூன்றே மாடி. உயரம் சுமார் 25 மீட்டர். ஊருக்கு அப்போது பெயர் தெலுக் ஆன்சன். மணிக்கூண்டாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் பயன்பட்ட அந்தக் கோபுரம் தொட்டியின் பாரத்தாலும் அடியில் உள்ள இளகிய மண்ணாலும் சாய்ந்தது. ஆனால் செங்கல் வேலை இன்றும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 140 ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டிய கொத்தனாரை இன்று யாராவது குறை சொல்வார்களா? சாய்ந்தது மண்ணால், அவர் கைவேலையால் அல்ல.

சுவரைப் பார்க்கும்போது நாம் தவற விடும் விஷயம் இதுதான். சுவரின் குறை மூன்று இடங்களிலிருந்து வரலாம்: கட்டிய கையிலிருந்து, தாங்கும் மண்ணிலிருந்து, அல்லது இப்படித்தான் கட்ட வேண்டும் என்று தீர்மானித்த தலையிலிருந்து. அந்தத் தலை பல நேரங்களில் காசைக் குறைக்கச் சொன்ன நம் தலையாகவே இருக்கும்! எது யாருடையது என்று பிரித்துப் பார்க்காமல் கொத்தனார் மேல் பாய்வது நியாயமல்ல. எல்லாவற்றுக்கும் “மண்ணு சரியில்லீங்க” என்று அவர் தப்பித்துப் போக விடுவதும் நியாயமல்ல.

சரி, கைவேலையை எப்படிப் பார்ப்பது?

முதலில் தள்ளி நில்லுங்கள். சுவருக்கு மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் உலகத்தில் எந்தச் சுவரும் தேறாது. பிரிட்டனில் புது வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் என்.எச்.பி.சி. என்ற அமைப்பு, பூச்சில்லாத செங்கல் சுவரின் தோற்றத்தைப் பகல் வெளிச்சத்தில் 10 மீட்டர் தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறது. அங்கிருந்து வரிசைகள் நேராகவும் இணைப்புகள் ஒரே சீராகவும் தெரிந்தால் தோற்றத்தில் பெரிய குறையில்லை. ஒரு கல் சற்று மங்கலாக இருக்கிறது, இன்னொன்றின் மூலை உடைந்திருக்கிறது என்பதற்காகக் கூலியை வெட்டக் கூடாது. செங்கல் மண்ணைச் சுட்டு எடுப்பது, பிளாஸ்டிக் வாளி போல அச்சில் ஒரே மாதிரி வராது.

அடுத்தது அளவு. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொஞ்சம் நூல், ஒரு கனமான இரும்பு நட்டு, ஓர் அளவு நாடா, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் போதும். சுவர் நெடுக நூலை இழுத்துக் கட்டி, சுவர் எங்கே உள்வாங்குகிறது, எங்கே பிதுங்குகிறது என்று பாருங்கள். என்.எச்.பி.சி. கணக்கில் 5 மீட்டர் நீளத்துக்கு 8 மி.மீ. வரை விலகல் ஏற்கத்தக்கது. செங்குத்துக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான், ஒரு மாடி உயரத்துக்கு 8 மி.மீ. நட்டை நூலில் கட்டிச் சுவரின் மேலிருந்து தொங்கவிடுங்கள். நூல் சுவரில் உரசாமல் இருக்க மேலே ஒரு தீப்பெட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்து, அதன் மேல் நூலைப் பிடியுங்கள். நட்டு ஆடி ஓய்ந்ததும் கீழே நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி எவ்வளவு? தீப்பெட்டியின் கனமே இருந்தால் சுவர் நேர். கூடுதலோ குறைவோ இருந்தால் அந்த வித்தியாசம்தான் சாய்வு. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இரு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதை வைத்துச் சுவரின் இந்த முனைக் கல்லும் அந்த முனைக் கல்லும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். கொத்தனார்களே இன்றும் இதைத்தான் செய்கிறார்கள்.

இந்த அளவுகள் அளவெடுத்துக் கட்டும் வீட்டுச் சுவர்களுக்கானவை. தோட்டத்து மதிலில் 10, 12 மி.மீ. விலகினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். 25, 30 மி.மீ. என்றால் கொத்தனார் நூல் கட்டாமலே அடுக்கியிருக்கிறார் என்று பொருள்.

இனி இணைப்புகள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான சாந்து சுமார் 10 மி.மீ. கனம் இருக்க வேண்டும். செங்கல் 65 மி.மீ. உயரம் என்றால் நான்கு வரிசை சேர்ந்து 300 மி.மீ. வர வேண்டும். அளவு நாடாவைச் சுவரில் நிறுத்திப் பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் 290, இன்னோரிடத்தில் 320 என்று வந்தால் கீழே செய்த தவற்றை மேலே சாந்தைத் தடித்து மறைத்திருக்கிறார். கிடையான இணைப்பை எல்லாரும் பார்க்கிறோம். நெடுக்கு இணைப்பையோ யாரும் பார்ப்பதில்லை, ஏமாற்று வேலை நடப்பதும் அங்கேதான். கல்லின் தலைப்பக்கம் முழுதும் சாந்து பூசாமல், வெளிப்புறம் மட்டும் ஒரு தடவு தடவி ஒட்டிவிட்டுப் போவது அவசர வேலையின் அடையாளம். மெல்லிய கம்பியை நெடுக்கு இணைப்பில் குத்திப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாகச் சட்டென்று இறங்கினால் அந்தச் சுவர் மழைநீரை உள்ளே வாங்கும்.

நெடுக்கு இணைப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே கோட்டில் ஏறிப் போகிறதா என்றும் பாருங்கள். மேல் கல், கீழ் உள்ள இரண்டு கற்களின் மேல் காலை விரித்து உட்கார வேண்டும். அப்போதுதான் பாரம் பரவும். கோடு நேராக ஏறினால் அங்கே சுவர் இரண்டாகப் பிரிவதற்கு வழி போட்டுக் கொடுத்தாயிற்று. மூலைகளிலும் வாசல் தூண் அருகிலும் உடைந்த துண்டுக் கற்களைத் திணித்திருந்தால், கணக்குப் போடாமல் ஆரம்பித்து, முடிக்கும்போது இடிபட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சாந்தின் தரத்தைச் சோதிக்க வீட்டுச் சாவி போதும். கட்டி இரண்டு, மூன்று வாரம் ஆன பிறகு இணைப்பில் சாவியால் அழுத்திக் கீறுங்கள். கோடு மட்டும் விழுந்தால் நல்லது. மணலாகக் கொட்டினால் சிமெண்ட் போதவில்லை அல்லது கெட்டுப் போன கலவை. நம் பக்கத்தில் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அதை வாளியில் அளக்காமல் மண்வெட்டியில் அள்ளினால் ஆறு எட்டாகிவிடும். ஈர மணல் மண்வெட்டியில் குவியும், சிமெண்ட் சரிந்து விழும். இன்னொன்று, காலையில் கலந்த கலவை கெட்டியானதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி பயன்படுத்துவது. இரண்டு மணி நேரத்துக்கு மேலான கலவையைக் கொட்டிவிடுவதுதான் முறை. காய்ந்த செங்கல்லை நனைக்காமல் அடுக்கினாலும் இதே கதிதான். அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிமானம் வராது. பிற்பகல் மழை நம் ஊரில் தவறாது. புதுச் சுவரின் தலையை அன்று மாலையே மூடி வைக்காவிட்டால், மறுநாள் காலையில் சிமெண்ட் கழுவிக்கொண்டு போய்ச் சுவரில் சாம்பல் நிறக் கோடுகளாக வழிந்திருக்கும்.

நம்மில் பலர் சுவரைப் பூசி, சாயம் அடித்த பிறகுதான் போய்ப் பார்க்கிறோம். அது முகத்துக்குப் பவுடர் போட்ட பிறகு காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான்! மேலே சொன்ன சோதனைகளில் பாதி, பூசிய பிறகு செய்ய முடியாதவை. பூச்சுக்கு முன்னால் ஒரு நாள் வேலையை நிறுத்தச் சொல்லிச் சுவரைப் பாருங்கள். நல்ல செங்கல் அடுக்கு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கப்படுத்த வேண்டுமானால், பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகைக்குப் பிள்ளைகளோடு ஒருமுறை போய் வரலாம். வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கி, 1926-இல் அவர் இறந்ததால் முடிவடையாமல் நின்ற அந்தக் கட்டடத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தொழிலாளர்களின் கைவேலை, பூச்சில்லாத சுவர்களில் அப்படியே தெரிகிறது. பேய்க் கதை கேட்கப் போகிறவர்கள் செங்கல்லையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாமே.

பூசிய சுவரில் செய்யக்கூடியது தட்டிப் பார்ப்பது. வெற்றுப் பானை போலச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரோடு ஒட்டவில்லை. பூச்சின் மேல் வலை போலத் தெரியும் மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் வெயிலில் சீக்கிரம் காய்ந்ததால் வருபவை. பார்க்க அசிங்கம், ஆபத்தில்லை. சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. கல்லிலும் மணலிலும் உள்ள உப்பு ஈரத்தோடு வெளியே வருகிறது, அவ்வளவுதான். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் போகும். திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று தேடுங்கள்.

விரிசலில் கவனிக்க வேண்டியது படிக்கட்டு போல ஏறும் விரிசலைத்தான். இணைப்புகளைத் தொடர்ந்து ஒரு கல் பக்கவாட்டில், ஒரு கல் மேலே என்று சாய்வாக ஏறினால், சுவரின் ஒரு பகுதி கீழே இறங்குகிறது என்று பொருள். அது மண்ணின் வேலை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, “அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், அடியில் என்ன போட்டீர்கள்” என்பதுதான். இளகிய மண்ணில் பாக்காவ் கட்டைகளை அடித்து, அதன் மேல் கம்பி கட்டிய சிமெண்ட் அடித்தளம் போடுவது கடலோரங்களில் பழக்கமான முறை. களிமண்ணை அரை அடி தோண்டி நேரே கல்லை அடுக்கினால் அது மண்ணின் குற்றம் ஆகாது, மண்ணைத் தெரிந்தும் அப்படிக் கட்டியவரின் குற்றம். ஆனால் அடித்தளத்துக்கு ஒரு விலை சொன்னபோது “வேண்டாம், சும்மா சின்னச் சுவர்தானே” என்று சொன்னவர் வீட்டுக்காரர் என்றால்? பழியைப் பங்கு போட்டுக் கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது வகைக் குறை இங்கேதான் வருகிறது. ஒற்றைக் கல் கனம், அதாவது நாலரை அங்குலச் சுவரைத் தூண் இல்லாமல் ஆள் உயரத்துக்கு எழுப்பச் சொல்வது நம் ஊரில் சகஜம். பிரிட்டனில் வீட்டுக்காரர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியில், தூணில்லாத அந்தக் கனச் சுவருக்குக் காற்றுக் குறைந்த பகுதியில்கூட அரை மீட்டரைச் சற்றே தாண்டிய உயரம்தான் அனுமதி. எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் அதைவிட உயர்ந்த மெல்லிய சுவர் கடற்காற்றுக்கும், சாய்ந்து நிற்கும் பிள்ளைகளுக்கும் தாங்காது. அதே போல, கனமான இரும்புக் கேட்டைச் செங்கல் தூணில் தொங்கவிடுவது, பழைய சுவரோடு புதுச் சுவரை ஒட்டிக் கட்டுவது, நீண்ட சுவரில் இடைவெளியே விடாமல் போவது, சுவரின் தலைக்கு மழைநீர் வெளியே சொட்டும்படி மூடி வைக்காமல் விடுவது எல்லாமே முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டியவை. ஒரு பக்கம் மண்ணை நிரப்பி மேடாக்கினால் அது தோட்டச் சுவரே அல்ல, மண் தாங்கும் சுவர். தேங்கும் நீர் வெளியேற அதில் துளைகள் வேண்டும், பொறியாளர் கணக்கும் வேண்டும். 1993 டிசம்பர் 11-இல் 48 உயிர்களைப் பலி கொண்ட ஹைலண்ட் டவர்ஸ் இடிபாட்டில், குன்றுச் சரிவின் வடிகாலும் தாங்கு சுவர்களும் எவ்வளவு பெரிய விஷயமாகப் பேசப்பட்டன என்பதை மறக்க முடியுமா? பூந்தோட்டத்தை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீரின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எது பொறுத்துக் கொள்ளலாம், எது இடித்துக் கட்ட வேண்டும்? நிறம், மூலை உடைந்த கல், சில மி.மீ. கோணல் இவற்றைப் பேசி முடித்துவிடலாம். வெற்று நெடுக்கு இணைப்பு, உதிரும் சாந்து ஆகியவற்றைச் சுரண்டி எடுத்து நல்ல கலவையால் மீண்டும் அடைக்கச் சொல்லலாம். அதைக் கொத்தனார் தன் செலவில் செய்ய வேண்டும். நேர்க்கோட்டு இணைப்பு, தாறுமாறான வரிசை உள்ள பகுதியைப் பிரித்துக் கட்டுவதுதான் சரி. சாய்வுதான் பயப்பட வேண்டிய விஷயம். அதே பிரிட்டிஷ் வழிகாட்டி, நாலரை அங்குலச் சுவர் 30 மி.மீ., ஒன்பது அங்குலச் சுவர் 70 மி.மீ. சாய்ந்தாலே நிபுணரை அழைக்கச் சொல்கிறது. அந்த அளவு வந்துவிட்டால் காசுக் கணக்கைத் தள்ளி வையுங்கள். சுவரோரம் பிள்ளைகள் விளையாடாமல், காரை நிறுத்தாமல் முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

பாகான் டத்தோ நேயருக்கு என் கருத்து இது: முழுதாகவும் கொடுக்க வேண்டாம், முழுதாகவும் நிறுத்த வேண்டாம். குறையில்லாமல் முடிந்த பகுதிக்கு உரிய காசைக் கொடுங்கள். அளந்து எழுதிய குறைகளைக் கொத்தனாரோடு சேர்ந்து நின்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், திருத்தத் தேதி ஒன்று குறியுங்கள், திருத்திய பிறகு மீதியைத் தாருங்கள். “சுவர் மோசம்” என்றால் அவருக்கு ரோஷம் வரும். “இந்த இடத்தில் 28 மி.மீ. வெளியே வந்திருக்கிறது அண்ணே” என்று நூலைப் பிடித்துக் காட்டினால் அவரே தலையைச் சொறிவார். உறவைக் காப்பாற்றுவது அந்த நூல்தான்.

பேச்சு முறிந்தால் சட்டம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை எதுவானாலும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்று உத்தரவாதம் தருகிறது. அதன் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். 2019-இல்தான் இந்த வரம்பு 25,000 வெள்ளியிலிருந்து உயர்ந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். மேம்பாட்டாளரிடம் வாங்கிய புது வீட்டோடு வந்த சுவர் என்றால் வழி வேறு. சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் வரை குறைகளைத் திருத்தித் தருவது அவர் பொறுப்பு, வழக்குக்கு வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் தனியாக உண்டு.

எந்த மன்றத்துக்குப் போனாலும் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு அதிகம் சாதிக்க முடியாது. என்ன உயரம், என்ன கனம், எத்தனை தூண், அஸ்திவாரம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு என்று ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டாலே பெரிய உதவி. காசு கொடுக்கும்போதெல்லாம் ரசீது வாங்குங்கள். அஸ்திவாரக் குழியை மூடுவதற்கு முன்பும், பூச்சுக்கு முன்பும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். படத்தில் சுவரோடு அளவு நாடாவும் எண் தெரியும்படி இருக்கட்டும்.